செருப்பு வரிசையில் ஒரு செங்கல்

இல்லம்மா, உயிரோட அவரக் கடைசியாப் பாத்தது கண்ணாடி வழியாத்தான். எங்கப்பாவச் சொல்றேன். காத்தான்னு பேரு. நான் உள்ள உக்காந்திருக்கேன், அவரு வெளிய நிக்கிறாரு. நடுவுல இடுப்பு ஒசரத்துக்குச் செவுரு, அதுக்கு மேல கண்ணாடி. நான் கையக் காட்டுனேன், இருங்க, அரை மணி நேரம்னு. தலைய ஆட்டுனாரு. அவ்ளோதான். அரை மணி கழிச்சு வெளிய வந்தா ஆளக் காணும்.

பரீட்சை நடந்துக்கிட்டிருந்துச்சும்மா. பிராக்டிகல். எந்திரிச்சு வர முடியாது. ஊர்ல கேட்டவங்களுக்கெல்லாம் அப்டித்தான் சொல்லியிருக்கேன்.

வேணாம்மா, ஃபேனே போதும். நீங்க மொதல்ல உக்காருங்க. அத்தாவுக்கு நாப்பதாம் நாளு பாத்தியா முடிஞ்சுதா? போன வாரமா... நான் முன்னாடியே வந்திருக்கணும். யாரு சொல்லுவா எனக்கு? உங்க கடுதாசியப் பாத்துட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்தக் காலத்துல யாரு கார்டு போடுறா? போஸ்ட்மேன் சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு. அடியில ஹமீதா பானுன்னு கையெழுத்து. யாருடா இதுன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். யூனுஸ் பாய் மகள்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதப் படிச்சதும் வாசல்லயே உக்காந்துட்டேன். முப்பத்தஞ்சு வருசம் ஆச்சும்மா.

அதுவா அந்தப் பெட்டி? அலமாரி மேல இருக்கறதா? இருக்கட்டும். இப்ப எடுக்க வேணாம். எம் பேரும் ஊரும் உங்க அத்தா கையெழுத்துல இருக்கு, உள்ள ஒரு ஜோடி செருப்புன்னு எழுதியிருந்தீங்கல்ல. தெரியும். அதுக்குத்தான் வந்தேன். இருந்தாலும் கொஞ்ச நேரம் ஆவட்டும்.

உங்களுக்கு அப்ப என்ன வயசு, பத்து இருக்குமா? அத்தா வேலை பாத்த எடத்துக்கு ஒரு தரமாச்சும் போயிருக்கீங்களா? உள்ள வுட்டிருக்க மாட்டாங்க. யுனிவர்சிட்டில அந்த ஒரு ரூமுக்குத்தான் ஏசி. ஏழு பொட்டி. கம்ப்யூட்டருங்கிற வார்த்தைய உங்க அத்தா ஒரு நாளும் சொன்னதில்ல, பொட்டிம்பாரு. ஏழாம் பொட்டிக்கு இன்னிக்கி ஒடம்பு சரியில்ல தம்பி, மூணாம் பொட்டியில உக்காருங்கம்பாரு. தூசி பட்டா கெட்டுப் போயிரும்னு செருப்ப வெளிய வுட்டுட்டுத்தான் போவணும். அவரு வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாரு. கோயில் வாசல்ல செருப்பப் பாத்துக்கறவங்க மாதிரின்னு பசங்க கேலி பண்ணுவாங்க. பாய், கோயிலுக்கே வந்துட்டீங்களேம்பானுவ. அவரும் சிரிப்பாரு. டோக்கன் இல்லாத கோயிலுப்பா இதுன்னுவாரு.

எனக்கு அங்க பழக்கம்னு சொன்னா உங்க அத்தா ஒருத்தருதான். பொய் சொல்லல.

எங்க ஊரு கீவளூருக்குத் தெக்கால. தெருவுல பள்ளிக்கூடம் முடிச்சதே நாலு பேரு. காலேஜுன்னு போனது நான் ஒருத்தன். மார்க் இருந்துச்சு, ஸ்காலர்ஷிப் வந்துச்சு, பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒருத்தரு இதப் படிடான்னு பாரத்த நிரப்பிக் குடுத்தாரு, வந்து சேந்துட்டேன். கம்ப்யூட்டரு எப்டி இருக்கும்னு அதுக்கு முன்னாடி படத்துலகூடப் பாத்ததில்ல. எல்லாப் பாடமும் இங்கிலீஷ்ல. வாத்தியாரு ஒரு ஜோக் சொல்லுவாரு, எல்லாரும் சிரிப்பாங்க, நான் ஒரு மூச்சு வுட்டு லேட்டாச் சிரிப்பேன்.

மெஸ்ல போயி உக்காந்தா பக்கத்துல ஒருத்தன் வருவான். எந்த ஊருன்னு கேப்பான். சொன்னா, அட, நம்ம பக்கம்தானா, எந்தத் தெருன்னு கேப்பான். நம்ம ஜில்லாவுல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? தெருவச் சொன்னதும் பேச்சு நின்னுரும். சண்டையெல்லாம் கெடையாது. திட்டுறதும் இல்ல. மறுநா வேற பெஞ்சுல உக்காந்திருப்பான், அவ்ளோதான். ரெண்டு வருசம் நான் பேசுனதையெல்லாம் சேத்து எழுதுனா ஒரு பக்கம் வராது.

அந்தப் பொட்டி தெருவக் கேக்காதும்மா. கருப்புத் திரை, பச்ச எழுத்து. ஓரத்துல ஒரு சின்னக் கோடு, மினுக்கு மினுக்குன்னு. நாம எதாச்சும் அடிக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு மினுக்கிக்கிட்டே இருக்கும். அவசரப்படாது. எனக்காகக் காத்துக்கிட்டிருந்தது தஞ்சாவூர்ல அது ஒண்ணுதான்னு தோணும். தப்பாப் போட்டா தப்புன்னு சொல்லும், எந்த வரியில தப்புன்னும் சொல்லும். மனுசங்க அதச் சொன்னதில்ல.

இன்னொண்ணும் இருக்கு. உள்ள போயிட்டா எல்லாரும் வெறுங்காலு. அங்க மட்டும்தான் என் காலு மத்தவங்க காலு மாதிரி இருந்துச்சு.

ஆமா, எனக்குச் செருப்பு இல்ல. வரும்போது ஒண்ணு போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். ரெண்டாம் மாசம் வாரு அந்து போச்சு. ஊக்கு மாட்டி இழுத்துக்கிட்டு நடந்தேன். அதுவும் போச்சு. வீட்டுக்கு எழுதல. என்னன்னு எழுதறது? எங்கப்பா காலுல செருப்பயே நான் பாத்ததில்ல. மிராசுதாரு தெருவுல எங்காளுங்க செருப்பு போட்டு நடக்க முடியாத காலத்துல வளந்தவரு. அப்பறம் சட்டம் வந்துச்சு, செங்கொடி வந்துச்சு, நடக்கலாம்னு ஆயிப் போச்சு. ஆனா அவரு காலுக்குப் பழகல. சேத்துலயே நின்ன காலு. வெரலெல்லாம் விரிஞ்சு முறம் மாதிரி இருக்கும்.

இப்பக் கேளுங்க, உங்க அத்தா கூத்த. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டணும். உள்ள எட்டிப் பாக்க மாட்டாரு. வாசல்ல செருப்பப் பாப்பாரு. செருப்பு இருந்தா ஆளு இருக்கு. இல்லன்னா இல்ல. அது அவரு கண்டுபுடிச்ச கணக்கு, அது வரைக்கும் தப்பவே இல்லியாம். ஒரு நா நான் மூலைப் பொட்டியில இருக்கேன். வெளிய ஒரு செருப்பும் இல்ல. மெயின நிறுத்திட்டாரு, பூட்டிட்டாரு, சைக்கிள எடுத்துட்டாரு.

கத்தலம்மா. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. இருட்டுல பேசாம உக்காந்திருந்தேன். நம்மள எண்ணலியே, அப்ப நாம இங்க இல்லதானேன்னு ஒரு நெனப்பு. நல்ல வேளை, அவரு டிபன் டப்பாவ மறந்துட்டுத் திரும்பி வந்தாரு. கதவத் தொறந்தா நான் நிக்கிறேன். யா அல்லாஹ்ன்னு சாவியக் கீழ போட்டுட்டாரு. அப்பறம் என் காலப் பாத்தாரு.

மறுநா ஸ்டூலுக்குக் கீழ ஒரு அரைச் செங்கல். வீரையா, இனிமே உள்ள போறப்ப இத வரிசையில வெச்சுட்டுப் போ. வெளிய வந்தா எடுத்து ஸ்டூலுக்குக் கீழ வையி. செங்கல் இருந்தா நீ இருக்கேன்னு அர்த்தம். அப்டின்னாரு. எம் பேரு வரிசை நம்பர், பதினேழு, நீல இங்க்கால அதுல எழுதியும் வெச்சிருந்தாரு.

பசங்க வுடுவானுவளா? செங்கல் வந்துட்டான்டாம்பானுவ. டேய் செங்கல், சிமெண்டு எங்கம்பான் ஒருத்தன். எனக்குக் கோவம் வரலம்மா. அது வரைக்கும் எனக்கு ஒரு பட்டப்பேருகூட வெச்சதில்லியே.

சிரிங்க, சிரிங்க. உங்க அத்தாவும் இப்டித்தான் கண்ண இடுக்கிக்கிட்டுச் சிரிப்பாரு.

ஒரே ஒரு தடவதான் வருத்தமாச்சு. துரைராசுன்னு ஒரு பையன், நெலபுலம் உள்ள வீடு. அவன் தோல் செருப்பு வரிசையிலேருந்து காணாப் போச்சு. எல்லாரும் என் காலப் பாத்தாங்க. ரெண்டு நா கழிச்சுத் தோட்டத்துல கெடந்துச்சு, நாயி கடிச்சுத் துப்புனது. மன்னிச்சுக்கடான்னு ஒருத்தனும் சொல்லல. அன்னியிலேருந்து அந்த வரிசையத் தாண்டுறப்ப கையப் பின்னால கட்டிக்குவேன்.

சரி, அப்பா வந்த நாளச் சொல்றேன். அதுக்குத்தான் இவ்ளோ நேரம் சுத்தி வளைச்சுக்கிட்டிருக்கேன்.

எங்கூர்ல மிராசுதாரு கையில உச்சவரம்புக்கு மேல இருந்த நெலத்த கவர்மெண்டு எடுத்து, பதினோரு குடும்பத்துக்குப் பட்டா குடுத்துருச்சு. எங்க குடும்பம் ஒண்ணு. பட்டா கையில இருக்கு, நெலத்துல கால வைக்க முடியாது. மிராசுதாரு ஸ்டே வாங்கிட்டாரு. வேலைக்காரன் பேருல, சொந்தக்காரன் பேருலன்னு பினாமியா எழுதிக் காட்டுனாரு. ஆறு வருசம் வாய்தா வாய்தான்னு அலைஞ்சாங்க. அப்பல்லாம் நாகப்பட்டினம் தனி ஜில்லா இல்லியே, எல்லாத்துக்கும் தஞ்சாவூருதான் வரணும்.

எம்பத்தொம்போது, தை மாசம். எலெக்சன் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். செவுத்துல சூரியன், சேவலு, ரெட்டப் புறா எல்லாம் அழியாமக் கெடக்குது. புது ஆட்சி வந்துருச்சு, இனிமே நம்ம பக்கம்தான்னு ஊர்ல ஒரே பேச்சு. அந்த வெள்ளிக்கிழமை கோர்ட்டுல ஸ்டேய ஒடைச்சுட்டாங்க. பயிரு உங்களுது, அறுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. பதினோரு பேரும் வந்திருந்தாங்க. மத்தவங்க பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டிருக்க, அப்பா மட்டும் விசாரிச்சு விசாரிச்சு என்னையப் பாக்க வந்துட்டாரு. சேதியச் சொல்ல. வேற எதுக்கு வருவாரு? ரெண்டு வருசத்துல அந்த ஒரு தடவதான்.

கண்ணாடிகிட்ட வந்து நின்னாரு. துண்டு தோள்ல இல்ல, கையில. ஆபீசர் முன்னால நிக்கிற மாதிரி நின்னாரு. நான் கையக் காட்டுனேன். தலைய ஆட்டுனாரு.

வெளிய வந்தா அப்பா இல்ல. உங்க அத்தா தொழுகைக்குப் போயிட்டாரு. வரிசையில என் செங்கல் இல்ல. அது இருந்த எடத்துல புதுசா ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, நீல வாரு. துரைராசு ஆளுங்க வேலைன்னு நெனச்சேன். நான் எடுப்பேனான்னு பாக்க எங்கயோ ஒளிஞ்சிருக்கானுவன்னு. கையப் பின்னால கட்டிக்கிட்டேன். செங்கலத் தேடுனேம்மா. பெத்த தகப்பனத் தேடுறத வுட்டுட்டு, கட்டடத்தச் சுத்திச் சுத்தி ஒரு அரைச் செங்கலத் தேடுனேன். அப்பறம்தான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனேன். மூணு மணி வண்டி போயிருச்சு. நான் எந்திரிச்சு வரலேன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன்.

மறுநா காலையில அறுப்புக்கு எறங்குனாங்க. அடியாளுங்க லாரியில வந்து எறங்குனாங்க. போலீசும் வந்துச்சு, லேட்டா. அப்பாவுக்குப் பின்மண்டையில ஒரே அடி. நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சு போச்சு. ஆஸ்டலுக்குத் தந்தி வந்துச்சு. உங்க அத்தாவப் பாக்காமலே வண்டியேறிட்டேன்.

அழுவாதீங்கம்மா. உங்க வீட்டுல இப்பத்தானே ஒரு சாவு ஆயிருக்கு, நான் வேற வந்து...

எல்லாம் முடிஞ்ச மறுநா எங்கம்மா, ராமாயி, ஒரு மஞ்சப்பையக் கொண்டாந்து எம் முன்னால வெச்சுது. ஏம்ப்பா, உங்கப்பா இதத் தஞ்சாவூருலேருந்து தூக்கிக்கிட்டு வந்தாரு, என்னன்னு கேட்டா, அவனுக்கு இனிமே இது தேவையில்லன்னு சொல்லிட்டு ஒரே சிரிப்பு, இது என்னப்பான்னு கேட்டுச்சு. பைக்குள்ள கைய வுட்டா செங்கல். நீல இங்க்குல பதினேழு.

அந்தச் செங்கல் எங்க வீட்டுலதான் இருக்கு. தண்ணிப் பானைக்கு அண்டக் குடுத்திருந்தோம். பொறவு மெத்தை வீடு கட்டறப்ப, எம் பொஞ்சாதி அம்சம், கொத்தனாருகிட்டச் சொல்லி வாசப்படியில வெச்சுப் பூசச் சொல்லிட்டா. அவளும் போயி ரெண்டு வருசமாச்சு. இப்ப நான் ஒருத்தன்தான் அந்தப் படியில ஏறி எறங்குறேன்.

படிப்பா? இல்லம்மா, திரும்பி வரல. ஆறு மாசம்தான் பாக்கி. நெலத்தப் பாக்கணும்னு சொல்லிட்டேன். எல்லாரும் நம்புனாங்க. உங்க அத்தா ரெண்டு கார்டு போட்டாரு. உன் செருப்பு எங்கிட்ட பத்திரமா இருக்கு, பரீட்சைக்காவது வா தம்பின்னு. பதில் போடல. அப்பறம் பழைய புத்தகக் கடையில பாதி வெலைக்கு வாங்கி, நானாப் படிச்சேன். பொட்டி இல்லாமலே படிச்சேன், பேப்பர்லயே எழுதி, பேப்பர்லயே ஓட்டிப் பாத்து. தொண்ணூத்தாறுல திருவாரூர்ல ஒரு சென்டர் வெச்சேன். இப்ப ஊர்ல இ-சேவை மையம். சிட்டா, அடங்கல் எல்லாம் நான்தான் எடுத்துக் குடுக்குறேன். எங்கிட்ட படிச்சவங்க அமெரிக்காவுல இருக்காங்க. செவுத்துல மாட்ட எங்கிட்ட ஒரு சர்டிபிகேட் கெடையாது.

என்னம்மா சொல்றீங்க? அன்னிக்கி நடந்தத அத்தா உங்ககிட்ட சொன்னாரா? எப்ப? கடைசி நாள்லயா?

திரும்பச் சொல்லுங்க.

தொழுகைக்குக் கெளம்பறப்ப உங்க அத்தா கேட்டாரா, கூப்புடவான்னு... அப்பா வேணாம்னுட்டாரா? பய வேலையா இருக்கான், முகத்தப் பாத்தாலே தெரியுது, இருக்கட்டும்னா? அப்டியா சொன்னாரு? உங்க அத்தாதான் செங்கலக் காட்டுனாரா? இதாங்க உங்க மகன் செருப்புன்னு வெளையாட்டாச் சொல்லிட்டேன், அந்த மனுசன் மூஞ்சி மாறிப் போச்சுன்னு சொன்னாரா... அது கடைசி வரைக்கும் அவருக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சா? அட பாய். உங்க மேல என்ன தப்பு? இதச் சொல்றதுக்காவது நான் வந்திருக்கணும்.

எதுத்தாப்புல கடையில வாங்கிக்கிட்டு வந்து, தானே வரிசையில வெச்சுட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு போனப்பறம்தான் அத்தா தொழுகைக்குப் போனாரா. சரி. சரிம்மா.

தண்ணி குடுங்க.

பரீட்சையப் பத்தி உங்க அத்தா எதுவும் சொல்லலியா? சொல்லியிருக்க மாட்டாரு. பரீட்சை இல்லம்மா அன்னிக்கி. வெள்ளிக்கிழமை அவரு தொழுகைக்குப் போற நேரத்துல, மத்தவனெல்லாம் சாப்புடப் போயிருப்பான், என்னைய மட்டும் உள்ள வுட்டுட்டு, பூட்டாமக் கதவச் சாத்திட்டுப் போவாரு. அவரு எனக்குக் குடுத்த சலுகை அது. நான் ஒருத்தன்தான் உள்ள. எந்திரிச்சு வந்தா என்னான்னு கேக்க ஒரு ஆளு கெடையாது.

பேர வரிசைப்படுத்துற ஒரு புரோகிராம். ஏ-யிலேருந்து இசட் வரைக்கும் அடுக்கணும். எந்தப் பேரு வேணா குடுக்கலாம். நான் எங்கூரு பதினோரு பட்டாக்காரங்க பேரையும் குடுத்திருந்தேன். கடைசியா அடிச்சது எங்கப்பா பேரு. மூணு வாரமா ஓட்டுறேன், பத்துப் பேருதான் வருது. எங்கப்பா பேரு மட்டும் வரவே மாட்டேங்குது. புத்தகத்துல பத்துப் பேருக்குப் போட்டிருந்தாங்க, அத நான் ஒரு எடத்துல மாத்த மறந்துட்டேன், அவ்ளோதான் விசயம். அன்னிக்கித்தான் கண்டுபுடிச்சேன். மாத்திட்டு ஓட வுட்டுட்டு நிமுந்தா, கண்ணாடியில அப்பா.

பொட்டி அப்ப ரொம்ப மெதுவா ஓடும். ஒவ்வொரு பேரா வரும். நான் கையக் காட்டிட்டுத் திரைப் பக்கம் திரும்பிட்டேன். காத்தான்னு பச்ச எழுத்துல வந்துச்சும்மா. அதப் பாத்துக்கிட்டே இருந்தேன். அழிச்சுட்டுத் திரும்ப ஓட்டுனேன், திரும்ப வந்துச்சு. அரை மணி நேரம் அப்பா பேரப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போயிருந்தா, ராத்தங்கிட்டுப் போங்கப்பான்னு சொல்லியிருப்பேன். தங்கியிருப்பாரு. மறுநா காலையில வயல்ல பத்துப் பேருதான் எறங்கியிருப்பாங்க.

அம்சத்துகிட்டகூடச் சொன்னதில்ல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.

இப்ப எடுங்கம்மா அந்தப் பெட்டிய.

பாருங்க, விலைச் சீட்டுகூடக் கிழிக்கல. ரப்பர் வெறைச்சு, வாரு வெடிச்சுப் போச்சு. இத இனிமே போட முடியாது. கீழ வைங்க, கால மட்டும் வெச்சுப் பாக்குறேன்.

பெருசா இருக்கு. கடைக்காரன் அளவு கேட்டிருப்பான். இவருக்கு நம்பரு என்ன தெரியும்? தன் கால வெச்சுக் காட்டியிருப்பாரு.

ஒம்போதாம் நம்பர். என் காலு ஏழு.